பதினான்கு மாதங்கள்: ஒரு பூர்வீக ஊரின் கதை

"உங்களுக்குச் சொந்த ஊர் எது?"

தமிழர் இருவர் முதன்முறையாகச் சந்திக்கும் இடத்தில் இக்கேள்வி எழாமல் இருப்பதில்லை. யாழ்ப்பாணத்தவரும் மட்டக்களப்பாரும் ஒரு கணமும் யோசியாமல் பதில் கூறிவிடுவர். மலையகத்தில் பிறந்த எம்மவரோ சற்றுத் தயங்குவர். தோட்டத்தின் பெயரைச் சொல்வதா, அருகிலுள்ள நகரத்தின் பெயரைச் சொல்வதா, அல்லது தாம் ஒருநாளும் கண்டிராத ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்தின் பெயரைச் சொல்வதா என்பதே அத்தயக்கத்தின் காரணம். பத்திரிகைத் தொழிலில் கழிந்த ஆண்டுகளில் இக்கேள்வியை எத்தனையோ பேரிடம் நான் கேட்டிருக்கிறேன். என்னிடம் அது கேட்கப்பட்டபோதெல்லாம் "ஹட்டன் பக்கம்" என்று கூறிப் பேச்சை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் பூர்வீக ஊரின் பெயர் உச்சரிக்கப்படுவதில்லை. டிக்கோயாப் பள்ளத்தாக்கில் நாங்கள் வாழ்ந்த லயத்தில் அயலவர்கள் "நாங்கள் சேலத்தார்", "நாங்கள் புதுக்கோட்டையார்" என்று சொல்லிக்கொள்வார்கள். என் பாட்டனார் மட்டும் "எனக்கு ஊர் தெரியாது" என்று கூறிவிடுவார். பத்து வயதில் கடல் கடந்து வந்தவருக்குப் பிறந்த ஊரின் பெயர் மறந்திருக்கலாம் என்றே சிறுவயதில் நானும் நம்பினேன். அவர் 1979இல் காலமானார். பாட்டி அவருக்கு முன்னரே மறைந்துவிட்டார். ஊரின் பெயர் அவர்களுடன் போய்விட்டது என்றே எண்ணியிருந்தோம்.

என் தந்தையார் இறந்த பின்னர் 2010ஆம் ஆண்டில் அவருடைய றங்குப்பெட்டியைத் திறந்து பார்த்தோம். பிறப்புச் சான்றிதழ்கள், பழைய பற்றுச்சீட்டு ஒன்று, சங்கத்தின் சந்தாச் சிட்டைகள் ஆகியவற்றின் அடியில் தட்டச்சுச் செய்யப்பட்ட ஆங்கிலக் காகிதங்கள் சில மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவை 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ்ப் பாட்டனார் செய்த விண்ணப்பத்தின் பிரதியும், அது நிராகரிக்கப்பட்டமை பற்றிய கடிதமும் ஆகும். அக்கடிதத்திலே, ஆங்கில எழுத்துகளில் உருச்சிதைந்த நிலையில், எங்கள் ஊரின் பெயர் இருந்தது.

ஊரின் பெயரைப் பாட்டனார் மறக்கவில்லை. அதை மறைத்திருக்கிறார். ஏன் மறைத்தார் என்பதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இலங்கையின் மத்திய மலைநாட்டில் 1820களில் கோப்பிப் பயிர்ச்செய்கை ஆரம்பமாயிற்று. தொடக்கத்தில் தென்னிந்தியத் தொழிலாளர்கள் அறுவடைக் காலத்துக்கு வந்து, வேலை முடிந்ததும் தம் ஊர்களுக்குத் திரும்பிச் சென்றனர். மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுப்பாதையில் நடந்தே அவர்கள் வந்தனர். வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் இறந்தவர்கள் ஏராளம். 2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று மேற்கொள்ளப்பட்டதை வாசகர்கள் அறிவர். அது இந்தப் பாதையின் நினைவாகவே நடந்தது.

1869இல் தோன்றிய இலைநோய் சில ஆண்டுகளுள் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1867இல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக நோக்கில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பிக்கும் தேயிலைக்கும் இடையில் தொழிலாளரின் வாழ்வைப் பொறுத்தமட்டில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கோப்பிக்குப் பருவம் உண்டு. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. ஆகவே தேயிலையுடன் பெண்களும் குழந்தைகளும் வந்தனர். குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சமும் இந்த இடப்பெயர்வைத் துரிதப்படுத்தியது.

இவர்களை அழைத்து வந்தவர்கள் கங்காணிமார். பயணச் செலவு, முன்பணம், ஊரில் தீர்க்க வேண்டிய பழைய கடன் ஆகிய அனைத்தும் தொழிலாளியின் தலையிலேயே எழுதப்பட்டன. அக்கடன் தீரும்வரை அவன் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. கடன் தொகையைக் குறித்து ஒரு தோட்டம் மற்றொரு தோட்டத்துக்கு ஆளை விடுவிக்கும் 'துண்டு' முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆட்சேர்ப்பை ஒழுங்குபடுத்துவதற்காகத் தோட்ட முதலாளிமார் 1904ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழில் ஆணையகத்தை நிறுவினர். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், வட ஆர்க்காடு, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து ஆட்கள் சேர்க்கப்பட்டு, மண்டபம் முகாமில் தடுத்து வைத்துச் சோதிக்கப்பட்ட பின்னர் அனுப்பப்பட்டனர்.

அக்காலத்தில் வந்தவர்களின் கழுத்தில் ஒரு தகரச் சீட்டு தொங்கவிடப்பட்டது. அதில் பொறிக்கப்பட்டிருந்தது அவர்கள் போய்ச்சேர வேண்டிய தோட்டத்தின் அடையாள இலக்கமே. அவர்களுடைய ஊரின் பெயர் அதில் இல்லை. வேர் தேடுவோருக்கு முதலில் ஏற்படும் ஏமாற்றம் இதுதான். எமது முன்னோரைப் பற்றி அன்று எழுதி வைத்தவர்களுக்கு அவர்கள் எங்கே போகிறார்கள் என்பது மட்டுமே முக்கியமாக இருந்தது.

என் பாட்டனார் தம் பெற்றோருடன் 1918இல் இவ்வழியே வந்தார் என்று விண்ணப்பம் கூறுகிறது. இந்த நாட்டிலேயே அவர் தொழிலாளியாகி, சில்லறைக் கங்காணியாகவும் சில காலம் இருந்திருக்கிறார். 1931ஆம் ஆண்டில் பாட்டியை மணந்தார். பாட்டியும் அதே ஊரவர். திருமணத்தின் பின்னரே இலங்கைக்கு வந்தவர்.

ஊரின் பெயர் ஆபத்தானதாக மாறியது அதன் பிறகுதான்.

1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற பிரிப்பு உத்தியோகபூர்வமாயிற்று. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, நிரந்தர வதிவை நிரூபிக்கக்கூடிய தோட்டத் தொழிலாளர்களுக்கும் அது கிடைத்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. மறு ஆண்டு நாடு சுதந்திரமடைந்தது. அதே ஆண்டில் டி. எஸ். சேனாநாயக்கவின் அரசாங்கம் நிறைவேற்றிய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனோ பாட்டனோ இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்து, லயத்தில் இறந்தவர்களிடம் அத்தகைய சான்று எங்கே இருக்கும்? அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று.

இவ்வாறு வெளியே தள்ளப்பட்டவர்கள் உள்ளே வருவதற்கென்று திறந்து வைக்கப்பட்ட சிறிய வாசலே 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம். 1946ஆம் ஆண்டு ஜனவரி 1ஆந் திகதிக்கு முன்னர், மணமானவராயின் 7 ஆண்டுகளும் மணமாகாதவராயின் 10 ஆண்டுகளும் இலங்கையில் இடையறாது வசித்திருக்க வேண்டும். மனைவியும் வயது வராத பிள்ளைகளும் இங்கேயே வசித்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதங்களுக்கு மேற்பட்டு வெளியே இருந்தால் வதிவு முறிந்ததாகக் கொள்ளப்படும். போதிய வருமானமும் வேண்டும். ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேரின் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. பிரஜாவுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு மாத்திரமே.

தமிழ்நாட்டு ஊர் ஒன்றுடன் தொடர்பு இருப்பதே அந்நாட்களில் எதிரான சான்றாயிற்று. அங்கே நிலம் உண்டா, பணம் அனுப்பினாயா, கடைசியாக எப்போது போனாய் என்ற கேள்விகளுக்கு விண்ணப்பதாரர் முகங்கொடுக்க வேண்டியிருந்தது. தாய்க்கு மாதம் ஐந்து ரூபாய் அனுப்பிய மகன், அந்த ஐந்து ரூபாயால் அந்நியனாகக் கருதப்படும் நிலை இருந்தது. ஊரின் பெயரை மறப்பது அன்று ஒரு தற்காப்பு. மலையகத்தின் பல குடும்பங்களில் பூர்வீகம் பற்றிய பேச்சு ஒரு தலைமுறையோடு நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

எங்கள் குடும்பத்தின் கதை அந்தக் கடிதத்தின் ஒரே பந்தியில் அடங்கியிருந்தது. விண்ணப்பதாரரின் மனைவி 1939 ஜூன் மாதம் இந்தியா சென்று 1940 ஆகஸ்ட் மாதமே திரும்பியுள்ளார். பதினான்கு மாதங்கள். ஆகவே வதிவு முறிந்துள்ளது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

இந்தப் பதினான்கு மாதங்களின் பின்னணியை வரலாறு அறிந்தவர்கள் உடனே ஊகித்திருப்பார்கள். 1939இல் இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை நீக்கத் தொடங்கியது. அதனால் எழுந்த கொந்தளிப்பைத் தணிக்க ஜவஹர்லால் நேரு ஜூலை மாதத்தில் இங்கு வந்தார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் அவ்வேளையிலேயே தோன்றியது. பேச்சுவார்த்தையால் பயன் விளையவில்லை. 1939 ஓகஸ்ட் முதலாந் திகதியிலிருந்து இந்திய அரசாங்கம் தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதைத் தடைசெய்தது. மரணப்படுக்கையில் இருந்த தாயைப் பார்க்க ஜூன் மாதத்தில் கைக்குழந்தையுடன் ஊருக்குப் போன பாட்டி, அந்தத் தடைக்குள் அகப்பட்டுக்கொண்டார். கணவனும் மூத்த பிள்ளையும் இங்கிருப்பதைக் காட்டி, திரும்புவதற்கு அனுமதி பெற ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

விசாரணையில் பாட்டனார் இதை மறைக்கவில்லை. மறைத்திருந்தால் தப்பியிருக்கவும் கூடும். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னார். மனைவி சென்ற ஊரின் பெயரையும் சொன்னார். அவ்வுண்மையால் தானும் தன் பிள்ளைகளும் நாடற்றவர்களானதை அவர் பின்னர் உணர்ந்திருக்க வேண்டும். அதன் பிறகு ஊரின் பெயர் எங்கள் காம்பராவுக்குள் வரவில்லை. "நான் போன போக்குத்தான்" என்று பாட்டி சில வேளைகளில் தனக்குத்தானே முணுமுணுப்பதை நான் சிறுவனாகக் கேட்டிருக்கிறேன். அதன் பொருள் 2010இல்தான் எனக்கு விளங்கிற்று.

அந்த மௌனத்துக்குப் பெரிய விலை கொடுத்தவர் என் பெரியப்பா. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றிருந்த 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். சம்பந்தப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை. பெரியப்பா குடும்பம் 1972இல் புறப்பட்டது. ஹட்டன் புகையிரத நிலையத்தில் எழுந்த அழுகுரல் இன்றும் என் காதில் இருக்கிறது. தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம் சென்று, அங்கிருந்து மண்டபம் முகாம். எமது முன்னோரை வரும்போது தடுத்து வைத்துச் சோதித்த அதே மண்டபம், போகும்போதும் அவர்களை வரவேற்றது. 1983இன் பின்னர் அங்கே அகதிகளும் தங்கவைக்கப்பட்டனர்.

புறப்படுவதற்கு முன்னர் பெரியப்பா, "அங்கே நமக்கு எந்த ஊர், யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார். "அங்கே உனக்கு ஒருவரும் இல்லை" என்றார் பாட்டனார். பெரியப்பா நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு ஏற்படுத்திய தேயிலைத் தோட்டம் ஒன்றில் மீண்டும் தொழிலாளியானார். அங்கே அவரைச் 'சிலோன்காரர்' என்று அழைத்தார்கள். இங்கே 'இந்தியாக்காரன்' என்று அழைக்கப்பட்டவர்தாம் அவர்.

கடிதம் கையில் கிடைத்த பின்னரும் ஊரைக் கண்டுபிடிப்பது இலகுவாக இருக்கவில்லை. இத்தகைய தேடலில் இறங்குவோருக்குப் பயன்படக்கூடும் என்பதால் சில விபரங்களை இங்கே குறிப்பிடுகிறேன்.

முதலாவது, எல்லைகள் மாறியிருக்கின்றன. எங்கள் கடிதத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டம், முசிறித் தாலுகா என்று இருந்தது. அன்றைய முசிறித் தாலுகா மிகப் பெரியது. இன்றைய துறையூரும் தொட்டியமும் அதனுள் அடங்கியிருந்தன. திருச்சி மாவட்டமே பல துண்டுகளாகியுள்ளது. சுதேச சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டை 1948இல் திருச்சியுடன் இணைக்கப்பட்டு, 1974இல் தனி மாவட்டமாயிற்று. பெரம்பலூரும் கரூரும் 1995இலும், அரியலூர் நிலையாக 2007இலும் பிரிந்தன. சேலத்திலிருந்து நாமக்கல் 1997இல் பிரிந்தது. பழைய காகிதத்தில் உள்ள மாவட்டப் பெயரை இன்றைய படத்தில் தேடுவோர் வழிதவறுவர்.

இரண்டாவது, எழுத்து. தொழிலாளி வாயால் சொன்ன பெயரை ஆங்கிலம் அறிந்த எழுதுவினைஞர் தம் காதுக்குக் கேட்டவாறு எழுதினார். பட்டி, புதூர், பாளையம் என்று முடியும் ஊர்கள் ஒரே தாலுகாவிற் பல உண்டு. எங்கள் கடிதத்தில் இருந்த பெயர் மூன்று ஊர்களுக்குப் பொருந்தியது.

மூன்றாவது, தெய்வம். காகிதம் கைவிட்ட இடத்தில் எமக்கு வழிகாட்டியது குலதெய்வமே. எங்கள் லயத்துக்கு மேலே, தேயிலை மலையின் விளிம்பில், ஒரு மரத்தடியில் நடப்பட்ட கல்லைப் பெரியசாமி என்று கும்பிட்டு வந்தோம். அருகில் செல்லியம்மனுக்கு ஒரு சிறு கல். தலைமுறைதோறும் மூத்த பிள்ளைக்கு இவ்விரு தெய்வங்களில் ஒன்றின் பெயரே இடப்படும். மாரியம்மனும் முனியாண்டியும் மலையகமெங்கும் உண்டு. இவ்விருவரும் சேர்ந்து கும்பிடப்படுவதோ பச்சைமலையைச் சூழ்ந்த துறையூர், பெரம்பலூர்ப் பக்கத்து வழக்கம் என்று அப்பகுதி அறிந்த ஒருவர் கூறினார். சொந்த மண்ணிலிருந்து பிடிமண் எடுத்துச் சென்று புது இடத்தில் தெய்வத்தை நிறுவும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. ஊரின் பெயரை வாயால் சொல்ல அஞ்சிய பாட்டனார், அதே ஊரின் தெய்வத்துக்கு ஆண்டுதோறும் பொங்கல் வைத்திருக்கிறார். மூன்று ஊர்கள் ஒன்றாகக் குறைந்தன.

2012ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் சென்றேன். ஒரு மணித்தியாலப் பயணம். அங்கிருந்து துறையூருக்குப் பேருந்து. வானத்தில் நீலமாகப் பச்சைமலை தெரிந்தது. எங்கள் மலைகளைக் கண்டு பழகியவனுக்கு அது ஒரு குன்றாகவே பட்டது. ஊருக்குள் இறங்கியதும் தேநீர்க்கடையில் விசாரித்தேன். நான் சொன்னதைக் கேட்டவர்கள் முதலில் கேட்ட கேள்வி, "கண்டிக்குப் போனவங்க வகையறாவா? நெலம் கிலம் கேட்டு வந்தீங்களா?" என்பது. நிலம் கேட்டு வரவில்லை என்று உறுதி கூறிய பின்னர் இரண்டாவது கேள்வி வந்தது. "ஊருக்குள்ளயா, காலனியா?"

அக்கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. தெய்வத்தின் பெயரையும், கல் நடப்பட்ட விதத்தையும் சொன்னேன். கடையில் இருந்த பெரியவர் ஒருவர் மேலும் ஒன்றும் கேட்காமல், வயலுக்கு அப்பால் இருந்த காலனியைக் கை நீட்டிக் காட்டினார்.

வேர் தேடிச் செல்பவர்கள் பெருமைக்குரிய எதையேனும் எதிர்பார்த்தே செல்கின்றனர். அந்தக் கை நீண்ட திசையில் நடந்தபோது என் கொள்ளுப்பாட்டனார் ஏன் இந்த ஊரை விட்டுப் போனார் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பண்ணையாளாகப் பிறந்து, பண்ணையாளாகவே இறக்க வேண்டியிருந்த மனிதருக்குக் கங்காணியின் முன்பணம் ஒரு கதவாகத் தோன்றியிருக்கும். அக்கதவின் மறுபுறத்தில் மற்றொரு கடனும், சாதிவாரியாகப் பிரிக்கப்பட்ட லயங்களும் இருந்தன என்பது உண்மை. ஆயினும் என் தலைமுறையில் நான் பள்ளிக்கூடம் போய் எழுதக் கற்றது அந்த மறுபுறத்தில்தான். அங்கே தங்கியவர்களின் பிள்ளைகளும் இன்று படித்து முன்னேறியிருக்கிறார்கள் என்பதையும் கண்டு மகிழ்ந்தேன்.

காலனியில் ஒரு மூதாட்டி இருந்தார். எண்பத்தைந்து வயதிருக்கும். பாட்டியுடைய தமையனாரின் மகள் அவர். என் தந்தையாருக்கு மாமன் மகள், எனக்குப் பெரியம்மா முறை. கண் மங்கியிருந்தாலும் நினைவு தெளிவாக இருந்தது. நான் யாருடைய பேரன் என்பதைச் சொன்னதும் என் முகத்தைக் கைகளால் தடவிப் பார்த்தார். 1939இல் அவர் பன்னிரண்டு வயதுச் சிறுமி. பாட்டி வந்திருந்த நாட்கள் அவருக்கு நன்றாக நினைவிருந்தன.

"ஆத்தா செத்து கருமாதி முடிஞ்சதுமே கெளம்பணும்னாங்க அத்தை. கப்பல்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்களாம். தெனமும் தபால்காரரு வர்ற பாதையில போயி நிப்பாங்க தம்பி. கைப்புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு, எங்க ஊருக்குப் போவணும், எங்க ஊருக்குப் போவணும்னு அழுவாங்க. இதானே அத்தை ஒங்க ஊருன்னு நான் கேப்பேன். இது எங்கப்பன் ஊருடிம்பாங்க. அங்க மழையா இருக்கும், கொழுந்து முத்திப் போயிருக்கும், மூத்தவனுக்கு யாரு சோறு போடுறாகளோன்னு பொலம்புவாங்க."

அவர் சொல்லி முடித்ததும் எனக்குப் பேச வரவில்லை. பையில் அந்தக் கடிதத்தின் பிரதி இருந்தது. ஒரு பெண் பதினான்கு மாதங்கள் இந்த நாட்டுக்குத் திரும்பி வருவதற்காகத் தபால் பாதையில் நின்று அழுதிருக்கிறாள். இந்த நாட்டின் ஏட்டில் அதே பதினான்கு மாதங்கள் அவள் இந்நாட்டவள் அல்லள் என்பதற்குச் சான்றாக எழுதப்பட்டிருக்கின்றன. எங்கே வசித்தாள் என்பதைச் சட்டம் எண்ணியது. எங்கே வசிக்க விரும்பினாள் என்பதை எண்ண அதனிடம் அளவுகோல் இருக்கவில்லை.

"ஒங்க பெரியப்பா அந்தப் பக்கந்தான் வந்து இருந்தாருன்னியே, ஒரு கடுதாசி போட்டிருந்தா ஓடி வந்திருப்பமே" என்று அவர் கேட்டார். நீலகிரி அங்கிருந்து ஓர் இரவுப் பயணத் தூரம். பெரியப்பா அங்கேயே 1990களில் காலமாகிவிட்டார். உறவென்று சொல்லிக்கொள்ள ஒருவருமில்லை என்ற எண்ணத்துடனேயே அவர் வாழ்ந்து முடிந்தார். ஒருவரும் இல்லை என்று பாட்டனார் சொன்னது பொய். ஆனால் அந்தப் பொய்யை அவர் கற்றுக்கொண்டது, உண்மை சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்ட பின்னர்தான்.

ஊரின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அச்சமல்ல காரணம். நிலம் கேட்டு வந்தீர்களா என்று கேட்ட அந்த மனிதர்களின் நிம்மதியைக் கெடுக்க விரும்பவில்லை. பெரியம்மாவும் அதற்கடுத்த ஆண்டு காலமானார்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. பாட்டனார் இறந்து இருபத்துநான்கு ஆண்டுகளின் பின்னர் அது வந்தது. இன்று ஊரின் பெயரைச் சொல்வதால் எவருக்கும் ஆபத்தில்லை. அதற்கு மாறாக, 2005இல் இந்தியா தொடங்கிய கடல்கடந்த இந்தியர் அட்டைத் திட்டத்துக்காகச் சிலர் அதே பழைய காகிதங்களைத் தேடி அலைகின்றனர். விலக்குவதற்காக எழுதப்பட்ட காகிதம் இப்போது உரிமைக்கான சான்றாகிறது.

ஆகையால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் பழைய பெட்டி ஒன்று இருக்கலாம். அதில் உள்ள விண்ணப்பப் பிரதிகளையும், நிராகரிப்புக் கடிதங்களையும், பற்றுச்சீட்டுகளையும் அவமானச் சின்னங்களென்று எண்ணி எரித்துவிடாதீர்கள். எமது மக்களின் ஊர்ப்பெயர்கள் பல, எமக்கு எதிராக எழுதப்பட்ட காகிதங்களிலேயே எஞ்சியிருக்கின்றன. அவற்றை வாசியுங்கள். பிறகு, இன்னும் உயிரோடு இருக்கும் முதியவர்களிடம் கேளுங்கள். காகிதம் பதினான்கு மாதங்கள் என்று மட்டுமே சொல்லும். அம்மாதங்களில் என்ன நடந்தது என்பதை அவர்கள்தான் சொல்வார்கள்.

அண்மையில் கொழும்பில் ஒரு கூட்டத்தில் வழமையான அக்கேள்வி மீண்டும் என்னிடம் கேட்கப்பட்டது. டிக்கோயா என்றேன். பாட்டி தபால் பாதையில் நின்று கேட்ட ஊரும் அதுதான்.